பின்கட்டு வாடகையை நம்பி வீடு வாங்கலாமா?

தைப்பூசக் காவடி முடிந்த வாரம், நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு அக்கா வந்தார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டுப் பத்திரங்களை மாற்றிக் கொடுக்கும் வழக்கறிஞர் வேலை என்னுடையது. காலண்டர் தாளின் பின்புறம் கணக்கு எழுதிக் கொண்டு வந்திருந்தார். வீட்டு விலை 13 லட்சம் ராண்ட். கையில் 3 லட்சம், மீதி 10 லட்சத்துக்கு 20 வருட பாண்டு (வீட்டுக்கடன்), 11 சதவீத வட்டி, மாதம் 10,320 தவணை. முன்வீடு 8,000, பின்னால் இருக்கும் அவுட்பில்டிங் 4,500, ஆக 12,500 வாடகை வரும். "வாடகையே பாண்டைக் கட்டிடும் தம்பி, மிச்சமும் நிக்கும்" என்றார்.

ரேட்ஸும் (நகராட்சி வீட்டு வரி) காப்பீடும் அந்தத் தாளில் இல்லை. இரண்டுக்கும் மாதம் 2,000 ஆகும். வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் மாதச் சராசரியில் இன்னொரு 1,040 போய்விடும். ஆக மாதம் கிட்டத்தட்ட 900 கைக்காசு போட வேண்டும். குழாய் உடைந்தால் அது தனி. வட்டியும் நிலையாக நிற்காது. 2021இல் பிரைம் வட்டி, அதாவது வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி, 7 சதவீதமாக இருந்தபோது இதே 10 லட்சத்துக்குத் தவணை 7,750 ராண்ட். 2023 மே மாதம் 11.75 ஆனபோது 10,840.

வீட்டைப் பெயர் மாற்றும்போது கட்டும் மாற்று வரியை நினைத்துத்தான் அக்கா பயந்திருந்தார். அது சின்னத் தொகை. 12,10,000 வரை வரியே இல்லை, மேலே உள்ள 90,000க்கு 3 சதவீதம், அதாவது 2,700. எங்கள் கட்டணமும் பாண்டுப் பதிவுச் செலவும் அதைவிடப் பல மடங்கு. (இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சம்தான்.)

சரி, அந்த அவுட்பில்டிங்குக்கு நகராட்சி ஒப்புதல் தந்த பிளான் இருக்கிறதா என்று கேட்டேன். அக்கா முழித்தார்.

1960களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் விரட்டப்பட்டு சாட்ஸ்வொர்த்தில் குடியேறிய குடும்பங்கள், மகனுக்குக் கல்யாணம் என்றதும் பின்னால் ஓர் அறை போட்டன. பேரன் வந்ததும் இன்னொன்று. நகராட்சியில் யார் போய் நின்றார்கள்? ஆனால் 1977ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டப்படி ஒப்புதல் இல்லாமல் கட்டக்கூடாது. மாஜிஸ்திரேட் இடிக்கவும் உத்தரவிடலாம். தீப்பிடித்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் பிளானைத்தான். ஒப்பந்தத்தில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்', அதாவது உள்ளது உள்ளபடி, என்று இருந்தால் விற்றவர் தப்பித்துவிடுவார். தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து, ஏஜெண்ட் வழியாக விற்கிற வீட்டுக்கு விற்பவர் குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவம் கட்டாயம். அதை வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாடகைக்காரர் காசு தராவிட்டால் பூட்டை மாற்றிவிடலாம், கரண்டை வெட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. அதற்கு மாதக்கணக்காகும், பாண்டு அதுவரை காத்திருக்காது. ஆறு மாதத் தவணையாவது கையிருப்பு இல்லாதவரை நான் இந்தப் பக்கமே வரச் சொல்ல மாட்டேன். வாடகைக்காரர் தரும் டெபாசிட்டையும் வட்டி வரும் கணக்கில்தான் போட வேண்டும், சொந்தச் செலவுக்கு எடுக்கக் கூடாது.

வருமான வரியில் பாண்டின் வட்டியைத்தான் கழிக்கலாம், அசலை அல்ல. பழுது பார்த்த செலவு கழியும், புதிதாக அறை கட்டிய செலவு கழியாது.

அப்புறம் விற்பவர் பிஸ்கட் டின்னில் தேடி ஒரு பழைய பிளானை எடுத்தார். அவுட்பில்டிங் நிற்கும் இடத்தில் அதில் கார் ஷெட்தான் இருந்தது. இப்போது வரைபடக்காரர் ஒருவரைப் பிடித்து நகராட்சியில் மனுப் போட்டிருக்கிறார். குறிப்பிட்ட தேதிக்குள் ஒப்புதல் வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் திரும்ப வரும் என்று நிபந்தனை எழுதியிருக்கிறோம். அக்கா புதுக் காலண்டர் தாளில் 8,000ஐ மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.