‘நேரி’ என்று தேடினால் கணினி என்ன செய்கிறது?

பத்தமடையில் பாய் வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வாடிக்கையாளர் பட்டியலில் பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்தாலே ஆள் வந்துவிடுகிறார். முகவரியில் ‘நேரி’ என்று தேடினால் மட்டும் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?”

பெயர்களுக்கு அகரவரிசையில் ஒரு இண்டெக்ஸ் இருக்கிறது. அகராதியைப் புரட்டுவதுபோலப் பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே போனால், லட்சம் பெயர் இருந்தாலும் சுமார் 17 ஒப்பீட்டில் இடம் தெரிந்துவிடும். ‘நாங்குநேரி’ போன்ற ஊர்ப்பெயரில் வரும் ‘நேரி’யோ முகவரியின் நடுவிலோ கடைசியிலோ கிடக்கிறது. தொடக்கம் தெரியாதபோது அகரவரிசை உதவாது. லட்சம் முகவரியையும் வரிவரியாகப் படித்தாக வேண்டும். தரவுத்தளத்தில் சொல்லைத் தேடும் லைக் கட்டளையில், ‘இதற்கு முன் எது வேண்டுமானாலும் இருக்கலாம்’ என்று சொல்ல, தேடும் சொல்லுக்கு முன்னால் சதவீதக் குறி போட்டால் நடப்பது இதுதான்.

சரி, இதற்கு என்ன வழி? முகவரிகளை முன்கூட்டியே மும்மூன்று குறிகளாக நறுக்கி வைத்துக்கொள்வது. டிரைகிராம் என்பார்கள். எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத உத்தி இது.

நாம் ‘நே’யை ஓர் எழுத்தாகப் பார்க்கிறோம். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் அது இரண்டு குறிகள்: முதலில் ந, அப்புறம் ஏகாரக் குறி. எழுதும்போது கொம்புதான் முதலில் வரும் என்றாலும் சேமிப்பில் பின்னால்தான் நிற்கும். இப்படி எண்ணினால் ‘நாங்குநேரி’ 10 குறிகள். ஒவ்வொரு குறியாக நகர்ந்து மும்மூன்றாக எடுத்தால் 8 துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும், அது எந்தெந்த முகவரிகளில் வருகிறது என்று ஒரு பட்டியல் இருக்கும்.

இப்போது ‘நேரி’யைத் தேடுகிறோம். நான்கே குறிகள், ஆகவே இரண்டு துண்டுகள். ‘நேர’ என்பது ஒன்று. ஏகாரக் குறி, ர, இகரக் குறி சேர்ந்தது மற்றொன்று. இரண்டு பட்டியல்களிலும் இருக்கும் முகவரிகளை மட்டும் எடுத்தால் போதும். லட்சம் வரிகள் சில நூறாகச் சுருங்கிவிடும்.

ஆனால் ‘நேரு வீதி, புதுச்சேரி’ என்ற முகவரியும் இதில் தேறிவிடும்! முதல் துண்டு நேருவில் இருக்கிறது, இரண்டாவது சேரியில் இருக்கிறது. ‘நேரி’ எங்கும் இல்லை. அதனால் தேறிய வரிகளை மட்டும் இன்னொரு முறை படித்துச் சரிபார்த்த பிறகே திரைக்கு அனுப்புகிறது. தப்பாகச் சில வரலாம், ஆனால் இருப்பது எதுவும் விடுபடாது. இந்தப் பேரம்தான் இதன் அழகு.

போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் இரண்டும் தரவுத்தள மென்பொருள்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் லைக் தேடலுக்கு இந்த வசதி 2011-இல் வந்தது, எஸ்க்யூலைட்டில் 2020-இல். இண்டெக்ஸ் இடத்தை நிறைய அடைக்கும், புது முகவரி சேர்ப்பதும் சற்றுத் தாமதமாகும். ‘பூ’ என்று மட்டும் தேடினால் இரண்டே குறிகள், ஒரு துண்டுகூடத் தேறாது. பழையபடி எல்லாவற்றையும் படிக்க வேண்டியதுதான்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ‘கோபாலசமுத்திரம்’ என்பதன் ஓகாரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் சிக்காது. தமிழ்க் கணிமைக்கு ஒதுக்கும் பணம் மேடைகளுக்குப் போவதைவிட இப்படிப்பட்ட அடிப்படை வேலைகளுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாசகர் இண்டெக்ஸ் போடச் சொல்வதற்கு முன், பழைய முகவரிகளை எல்லாம் யூனிகோடின் ஒரே வடிவத்துக்கு மாற்றித் தரும்படி மென்பொருள் எழுதியவரிடம் கேட்கட்டும்.