ஊரடங்கில் தள்ளிப்போனது ஐந்தாம் தேதி மட்டும்தான்

மும்பையில் சோனோகிராபி என்பார்கள். தாராவி, சயான் பக்கத்து நம் வீடுகளில் அது வெறும் ஸ்கேன். கர்ப்பிணி ஒருவர் ஸ்கேனுக்குப் போனால் இரண்டு காகிதங்கள் உண்டாகும். ஒன்று அவர் கைக்கு வரும் ரிப்போர்ட். இன்னொன்று சென்டரிலேயே தங்கிவிடும் எஃப் படிவம். யாருக்கு, எதற்காக, யார் சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள் என்ற விவரமெல்லாம் அதில்தான் இருக்கும்.

கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது இந்தப் படிவத்தை. (இதற்கு மகாராஷ்டிரம்தான் முன்னோடி. 1988லேயே மாநிலச் சட்டம் போட்டுவிட்டது.) ஒரு மாதம் எடுத்த ஸ்கேன்களின் கணக்கு அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் உரிய அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். மும்பையில் அந்தப் பொறுப்பு மாநகராட்சியின் சுகாதார அதிகாரிகளிடம் இருக்கிறது.

கொரோனா வந்தது. 2020 ஏப்ரல் 4 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் மூன்று விதிகளை ஜூன் 30 வரை நிறுத்திவைத்தது: சென்டரின் பதிவைப் புதுப்பிப்பது, 5ஆம் தேதி அறிக்கை, மாநிலங்கள் காலாண்டுக்கு ஒருமுறை அனுப்பும் அறிக்கை. அவ்வளவுதான். ஆனால் ‘சட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்’ என்று பயமும் பேச்சும் பரவின. இல்லை என்று அமைச்சகமே சில நாளில் விளக்கம் கொடுத்தது. அனுப்பும் தேதிதான் தள்ளிப்போனது. அன்றன்றைக்குப் படிவம் எழுதும் கடமை அப்படியே இருந்தது.

அந்தப் பயத்தை வீண் என்று நான் சொல்லமாட்டேன். மாதாமாதம் யாரோ பார்க்கிறார்கள் என்பதுதான் இந்தச் சட்டத்தின் பல். மூன்று மாதம் கழித்து மொத்தமாகப் பார்த்தால், பின்னால் உட்கார்ந்து நிரப்பிய படிவத்தை எப்படிப் பிரித்தறிவது? இப்படி விதிகளை நிறுத்திவைத்ததை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தேசமே நெருக்கடியில் இருந்ததால் ஜூனில் நீதிமன்றம் அமைச்சக உத்தரவுக்குத் தடை விதிக்கவில்லை. அரசிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் மட்டும் அனுப்பியது.

ஊரடங்கிலும் சரி, இன்றைக்கும் சரி, ஆணா பெண்ணா என்று வாயால் மட்டுமல்ல, சைகையாலும் சொல்லக் கூடாது. லட்டு, ஜிலேபி என்று இனிப்புப் பெயரில் சொன்னாலும் குற்றம்தான். கேட்கிற குடும்பத்தாருக்கும் முதல் முறையே 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். கட்டாயப்படுத்தி அழைத்து வரப்பட்ட பெண்ணுக்குத் தண்டனை இல்லை. கணவரோ உறவினரோ வற்புறுத்தியிருப்பார்கள் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும்.

எஃப் படிவத்தில் ‘குழந்தை ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை’ என்ற உறுதிமொழிக்குக் கீழே கர்ப்பிணியின் கையெழுத்து வேண்டும். மராத்தியிலோ ஆங்கிலத்திலோ நீட்டினால், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள். கைநாட்டு என்றாலும் அப்படித்தான்.