ஒரொசி: மேலே ஏறும் சன்னல்

ஈரானின் பழைய மாளிகைகளைப் பற்றிப் படித்தால் 'ஒரொசி' என்ற சொல் கட்டாயம் கண்ணில் படும். 'ஒர்சி' என்றும் சொல்வார்கள். முற்றத்தைப் பார்த்து நிற்கும் பெரிய மரச் சன்னல் அது. சட்டம் முழுக்க நட்சத்திரமும் பலகோணமுமாகப் பின்னல். இடைவெளிகளில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் கண்ணாடித் துண்டுகள். சபாவிய மன்னர்கள் காலத்தில் பரவி, கஜார் ஆட்சியில் (1789–1925) செல்வர் வீடுகளின் அடையாளமாகவே ஆனது. தெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனையிலும் குர்திஸ்தானின் சனந்தஜ் நகர மாளிகைகளிலும் இன்றும் பார்க்கலாம்.

வண்ணக் கண்ணாடியைப் பார்த்ததும் 'வண்ணச் சாளரம்' என்று மொழிபெயர்க்கத்தான் கை போகும். ஆனால் ஒரொசியை ஒரொசி ஆக்குவது நிறமல்ல, அது திறக்கும் விதம். இதற்குக் கீல் கிடையாது. கீழ்ப்பலகையைப் பிடித்து உயர்த்தினால் நேராக மேலே ஏறி, மேலே உள்ள நிலையான பகுதிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். எல்லாப் பலகைகளையும் ஏற்றிவிட்டால் அறையின் ஒரு பக்கச் சுவரே காணாமல் போய், அறை திண்ணை போல ஆகிவிடும். இறக்கினால் கோடை வெயில் வடிகட்டி வரும். உள்ளிருப்பவர்களும் வெளியே தெரிய மாட்டார்கள்.

அந்தப் பின்னல் வேலைக்குப் பெயர் 'கெரே சீனி'. கெரே என்றால் முடிச்சு. சீனி என்பது அடுக்குதல், கோத்தல். ஆணியோ பசையோ இல்லாமல், விரல் நீள மரத்துண்டுகளைக் காடியும் (நீளப் பள்ளம்) நாக்குமாகச் செதுக்கி ஒன்றுக்குள் ஒன்று செருகுவார்கள். கண்ணாடியின் விளிம்பும் அதே காடியில்தான் உட்காரும். பகலில் காய்ந்து இரவில் குளிரும் ஊரில் மரம் சுருங்கும், விரியும். இறுக்கி அடிக்காததால் அந்த அசைவைப் பின்னலே வாங்கிக்கொள்ளும், கண்ணாடி விரிசல் விடாது. அஜர்பைஜானில் இதே கைவேலைக்கு 'ஷெபெகே' என்று பெயர். ஷெக்கி நகரத்துக் கான் அரண்மனை அதற்குப் பேர்போனது.

சரி, ஒரொசி என்ற சொல் எங்கிருந்து வந்தது? பாரசீகத்தில் 'ஒரூஸ்' என்றால் ரஷ்யர். ரஷ்யப் பாணிக் காலணி ஒன்றுக்கும் ஒரொசி என்றே பெயர் உண்டு. ஆகவே சன்னலும் 'ரஷ்யச் சன்னல்'தான் என்பது ஒரு தரப்பு. இல்லை, 'திறந்தது' என்ற பொருளுடைய பழஞ்சொல் என்பது இன்னொரு தரப்பு. சன்னலின் பயனோடு பொருந்துவது இரண்டாவது. ஆனால் காலணியின் பெயரை அது விளக்கவில்லை. நமக்கும் இதில் சிரிக்க இடமில்லை: நாம் அன்றாடம் சொல்லும் 'சன்னல்', போர்ச்சுகீசிய 'ஜனேலா'தானே. கதவைக் குறிக்கும் பாரசீக 'தர்' கூட 'தர்கா' என்ற சொல்லுக்குள் உட்கார்ந்து நாகூர் வரை வந்திருக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? காலதர் (காற்றின் வழி), சாளரம், பலகணி என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. சிலப்பதிகாரம் 'மான்கண் காலதர் மாளிகை' என்றே பேசுகிறது. இவற்றில் பல கண்களை உடைய பலகணிதான் இந்தப் பின்னலுக்கு நெருக்கம். மேலே ஏறுவதைக் காட்ட முன்னால் ஓர் அடைமொழி வேண்டும். பாம்பனின் புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி நேராக மேலே ஏறுவதால் அதைத் தூக்குப் பாலம் என்கிறோம். அதே வழியில் ஒரொசியைத் 'தூக்குப் பலகணி' எனலாம். தூக்கு என்றதும் தூக்குமேடை நினைவுக்கு வருபவர்கள் தூக்குவாளியை நினைத்துக்கொள்ளட்டும். கெரே சீனிக்கு 'முடிச்சுக் கோப்பு' போதும். மூலப்பெயரை முதல்முறை மட்டும் உடன் சொல்லிவிட்டால் படிப்பவருக்குக் குழப்பம் வராது.