சாய்ந்த நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஆடிப்பட்டம் வந்தால் போதும், ஒரே மாதிரிப் படம் பத்துப் பேரிடமிருந்து வருகிறது. குழித்தட்டு நிறையத் தக்காளி நாற்று, ஒரு மூலையில் மட்டும் ஏழெட்டு படுத்துக் கிடக்கும். கூடவே அதே கேள்வி: "தினமும் ரெண்டு வேளை ஊத்துறேன், அப்பவும் வாடுதே, இன்னும் கூட்டணுமா?"

கூட்டவே கூட்டாதீர்கள். விழுந்த நாற்றை விரலால் தூக்கிப் பாருங்கள். இலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். தண்டின் அடிப்பகுதி மட்டும் வெந்த கீரைத்தண்டு போல நீர்கோத்து, நூலாக மெலிந்திருக்கும். இதுதான் நாற்றழுகல். பெரும்பாலும் பித்தியம் என்ற பூஞ்சண வகை நுண்ணுயிரின் வேலை. அதன் வித்துகள் ஈரத்தில் நீந்தியே பக்கத்து நாற்றுக்குப் போகின்றன. தாகத்தில் வாடும் நாற்று அப்படி இருக்காது. முதலில் இலை துவளும், தண்டின் அடி உறுதியாக இருக்கும், தண்ணீர் பட்டதும் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துவிடும். அழுகி விழுந்தது எத்தனை குடம் ஊற்றினாலும் நிமிராது. வாட்டம் வேறு, அழுகல் வேறு.

மேலே வெளிறித் தெரிகிறதே என்று ஊற்றுகிறீர்கள். தட்டில் நிரப்பிய தென்னை நார்க்கழிவு மேலே காய்ந்திருக்கும்போதே அடியில் சொதசொதவென்று இருக்கும். தட்டைத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். நிரப்பும்போதே ஒரு கைப்பிடி பிழிந்து பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வடிந்தால் ஈரம் அதிகம். தண்ணீரைக் காலையில் மட்டும் விடுங்கள்.

"நர்சரியில் மூடித்தானே வைக்கிறார்கள்" என்று தட்டை மூடியே வைப்பவர்களும் உண்டு. நர்சரிகளில் விதைத்த தட்டுகளை அடுக்கி, பாலித்தீன் போட்டு மூடுவது உண்மைதான். ஆனால் முளை தலைகாட்டும் வரைதான் அந்த மூடாக்கு. தக்காளிக்கு 5 முதல் 7 நாள், மிளகாய்க்கு இன்னும் சில நாள் கூடுதல். முதல் முளையைக் கண்ட அன்றே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, "பிஞ்சு நாற்று, வெயில் ஆகாது" என்று ஹாலுக்குள் வைத்து வளர்ப்பது. வெளுத்து நெட்டையாக வளர்ந்த தண்டு, முளைத்ததும் முதலில் விரியும் தன் வித்திலையையே தாங்காது. முளைத்ததிலிருந்து காலை வெயில் 3, 4 மணி நேரம் படட்டும். பால்கனி இல்லையா? 20 வாட் எல்.இ.டி. டியூபை நாற்றுக்கு அரை அடி மேலே கட்டி, தினம் 14 மணி நேரம் எரியவிடுங்கள்.

உரம்? வித்திலைக்குப் பிறகு இரண்டு இலை வரும்வரை ஒன்றும் வேண்டாம். அதன்பின் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் போதும்.

சொந்த விதையானால், அழுகல் பூஞ்சணத்தை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சணமான டிரைக்கோடெர்மா விரிடியை விதைக்கும் முன் கலந்துகொள்ளுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு, வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை. கடை விதை சாயம் பூசியிருந்தால் பெரும்பாலும் பூஞ்சணக்கொல்லி ஏற்றியிருப்பார்கள். அதன்மேல் டிரைக்கோடெர்மா போடுவது வீண். விதைத்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளிடம் அந்த விதையைக் கொடுக்காதீர்கள்.

அழுகல் வந்துவிட்டால், விழுந்ததையும் அதைச் சுற்றியுள்ள குழிகளையும் நார்க்கழிவோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மிச்சத்துக்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் கலந்து வேரடியில் ஊற்றலாம். அதை வீட்டுக்குள் வைத்துச் செய்யாதீர்கள். நிற்பதைத்தான் அது காக்கும், விழுந்ததை எழுப்பாது. தட்டைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தால் மறுபடி விதைக்கலாம். பழைய நார்க்கழிவை மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்த்து மறுபடி நிரப்பிவிடாதீர்கள், தயவுசெய்து.