தாயிடம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகள்

புலம்பெயர்ந்த தாய் ஒருவர் மனநல ஆலோசனைக்கு வரும்போது, அவருக்காகப் பேசுபவர் பெரும்பாலும் கணவராகவோ, புதிய நாட்டின் மொழியைப் பள்ளியில் கற்றுக்கொண்ட பிள்ளையாகவோ இருப்பதைப் பணியில் தொடர்ந்து பார்த்துவருகிறேன். தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் தாய் கண் கலங்க நெடுநேரம் பேசுவார். என்னை வந்தடைவதோ "பரவாயில்லையாம்" என்ற ஒரே சொல்தான்.

அண்மையில் பிள்ளை பெற்ற பெண்களில் உலக அளவில் சுமார் 13 விழுக்காட்டினர் மனநலக் கோளாறுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்வீட்டுத் துணையில்லாத பிள்ளைப்பேறு, முடிவு தெரியாத விசா விண்ணப்பம், பிறந்த நாட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளையை நினைத்த ஏக்கம் ஆகியவை சேரும்போது அந்தச் சுமை இன்னும் கூடுகிறது. ஆனால் இத்தாய்மார்களில் பலர் "மனம் சரியில்லை" என்று சொல்வதில்லை. தலைப்பாரம், நெஞ்சடைப்பு, உடம்பெல்லாம் எரிச்சல் என்றே சொல்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லையென்றதும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய 1987 முதல் பயன்பட்டுவரும் எடின்பரோ அளவீட்டில் 10 கேள்விகள் உள்ளன. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அது கிடைக்கிறது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது பத்தாவது கேள்வி. அதற்கு எந்தத் தாய் தன் எட்டு வயது மகளின் வாய்வழியாகப் பதில் சொல்வார்? அடிக்கும் கணவரே மொழிபெயர்ப்பாளராக அமர்ந்திருந்தால் என்ன சொல்வார்? மகளை வெளியே அமர்த்திவிட்டு, தொலைபேசியில் பெண் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்த அன்று, ஒரு தாய் முதலில் கேட்டது மருந்தைப் பற்றியல்ல, "இத்தனை நாள் என் பிள்ளை எதையெல்லாம் கேட்டிருப்பாள்?" என்பதைத்தான்.

தனியாக, தன் மொழியில் பேச இடம் தருவதை மருத்துவமனையின் பெருந்தன்மையாக நான் கருதவில்லை. அது அத்தாயின் உரிமை. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் 1979 உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, கருவுற்ற காலத்திலும் பேற்றுக்குப் பின்னும் உரிய சேவையை, தேவைப்பட்டால் இலவசமாக, வழங்கக் கோருகிறது. தங்கும் அனுமதி முறையாக இல்லை என்பதற்காக அவசர மருத்துவத்தை மறுக்கக் கூடாது என்கிறது, புலம்பெயர் தொழிலாளர் உரிமைகளுக்கான 1990 உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு. குடியேறிகளை ஏற்கும் செல்வந்த நாடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது உடன்படிக்கையில் இன்னும் இணையாதது எனக்கு ஆழ்ந்த வருத்தமளிக்கிறது.

உண்மையைச் சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள், கணவரின் விசாவை நம்பியிருக்கும் தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சமே பல தாய்மாரை வாய்மூட வைக்கிறது. ஆகவே, சொல்வதில் எது பதிவாகும், யார் பார்ப்பார்கள், எந்தச் சூழலில் பிறருக்குத் தெரிவிக்க நேரும் என்பதை முதல் சந்திப்பிலேயே விளக்க வேண்டியது எங்கள் கடமை. நாங்கள் விளக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். உறவினரல்லாத மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள். பேற்றுக்குப் பின்னான முதல் வாரங்களில் ஒரு தாய் நாட்கணக்கில் தூங்காமல், யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பதாகவோ குழந்தைக்குத் தீங்கு செய்யத் தோன்றுவதாகவோ சொன்னால், மொழிபெயர்ப்பாளருக்காகக்கூடக் காத்திராமல், அவரையும் குழந்தையையும் தனியே விடாமல், உடனே அவசரச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.