டிஸ்ரப்ஷனுக்குத் தமிழ்ல இடையூறா, குலைவா?

ஏர்லைன்ல டெய்லி ஆபரேஷன்ஸ் பாக்குறவங்க வாயில ஓயாம வர்ற வார்த்தை டிஸ்ரப்ஷன். மூடுபனி வந்தாலும் டிஸ்ரப்ஷன், ரன்வே மூடினாலும் டிஸ்ரப்ஷன், அதனால சாயங்கால ஃபிளைட் ரத்தானாலும் அதுவும் டிஸ்ரப்ஷன்தான். இதைத் தமிழ்ல எழுதும்போது ஒருத்தர் இடையூறுங்கறார், இன்னொருத்தர் தடங்கல்ங்கறார், செய்தியில பாதிப்புன்னு போட்டு முடிச்சுடறாங்க. எல்லாம் ஒண்ணுதானேன்னு விட்டுட முடியல, ஏன்னா இந்த இடத்துல சொல் மாறினா வேலையே மாறுது.

முதல்ல மூலத்தைப் பார்த்துடலாம். லத்தீன்ல ரும்பெரேன்னா உடைக்கிறது. முன்னாடி வர்ற டிஸ், தனித்தனியாப் பிரியறதைக் குறிக்கும். ஆக டிஸ்ரப்ஷன்னா ஒண்ணா இருந்த ஒண்ணு உடைஞ்சு சிதறிப் போறது. இன்டரப்ஷன், எரப்ஷன், கரப்ஷன் எல்லாம் இதே குடும்பம்தான், இன்டரப்ஷன் நடுவுல உடையறது, எரப்ஷன் உடைச்சுக்கிட்டு வெளிய வர்றது. 2010 ஏப்ரல்ல ஐஸ்லாந்துல ஏயாஃப்யாட்லயோகுட்ல் எரிமலை வெடிச்சு, சாம்பல் பரவி ஐரோப்பாவோட வான்வெளியில பெரும்பகுதியை நாள்கணக்கா மூடி, சுமார் 1 லட்சம் ஃபிளைட் ரத்தாச்சு இல்லையா, அங்க எரப்ஷனும் டிஸ்ரப்ஷனும் ஒரே வேர்ச்சொல்லோட ரெண்டு முனையா நிக்குது. வெடிச்சது மலை, சிதறினது கால அட்டவணை.

இப்ப நம்ம சொல்லுக்கு வருவோம். இடையூறு = இடை + ஊறு. உறுங்கற வினைதான் முதலெழுத்து நீண்டு ஊறுன்னு பெயரா நிக்குது, கெடு கேடு ஆனமாதிரி, சுடு சூடு ஆனமாதிரி. உறுதல்னா வந்து சேர்றது, நேர்றது, தொடுறது. அதனாலதான் ஊறுக்குத் தொடு உணர்வுன்னும் பொருள் இருக்கு, தீங்குன்னும் பொருள் இருக்கு. ஆக, போற வழியில நடுவுல வந்து உறுறது எதுவோ அது இடையூறு. ரொம்பப் பழைய சொல் இது. குறள் 676ல வள்ளுவர், ஒரு வேலையில இறங்குறதுக்கு முன்னாடி அதை முடிக்கிற வகை, நடுவுல வர்ற இடையூறு, முடிச்சாக் கிடைக்கிற பயன் மூணையும் பாத்துட்டுச் செய்ன்னு சொல்றார். திட்டம் போடும்போதே கணக்குல எடுத்துக்க வேண்டியதுன்னு இடையூறுக்கு அப்பவே ஓர் இடம் கொடுத்தாச்சு.

ஆனா கவனிச்சுப் பாருங்க, இடையூறுங்கறது வெளிய இருந்து வர்றது, அதாவது காரணம். அது பட்டதால உள்ள என்ன ஆச்சுங்கறதை அந்தச் சொல் சொல்லாது. அதுக்கு நம்மகிட்ட வேற ஒரு நல்ல சொல் இருக்கு, குலைவு. கட்டுக் குலையுது, நிலை குலையுது, சீர் குலையுதுன்னு தினமும் பேசுறோம். ஒழுங்கா அடுக்கி வச்சது கலைஞ்சு போறதுதான் குலைவு. லத்தீன் மூலத்துக்கு நேரா வர்றதும் இதுதான், உடைஞ்சு சிதறுறது.

இங்கிலீஷ் ரெண்டையும் ஒரே சொல்லுக்குள்ள போட்டு அடைச்சிருக்கு. தமிழ்ல பிரிச்சுச் சொல்ல முடியுது. பிரிச்சே ஆகணும்ங்கறதுதான் என் கட்சி.

ஏன்னு ஒரு விமானத்தோட ஒரு நாளை வச்சுப் பார்ப்போம். காலையில 6 மணிக்கு முதல் பயணம், மொத்தம் அஞ்சு பயணம், ஒவ்வொரு பயணத்துக்கும் நடுவுல 35 நிமிஷ டர்ன்அரவுண்ட் (இறங்கின விமானத்தை அடுத்த பயணத்துக்குத் தயார் பண்ற நேரம்), ரொம்ப விரட்டினா 30 நிமிஷத்துல முடிக்கலாம்னு வச்சுக்குங்க. காலை மூடுபனியில 90 நிமிஷம் லேட். நாலு டர்ன்அரவுண்ட்லயும் தலா 5 நிமிஷம் மிச்சம் புடிச்சாலும் கடைசிப் பயணம் 70 நிமிஷம் லேட்டாத்தான் கெளம்பும், அதுக்குள்ள பைலட்டுங்களோட டூட்டி நேரம் முடிஞ்சுடுச்சுன்னா மாத்து ஆள் வேணும், ஆள் இல்லைன்னா ரத்து. அந்தக் கடைசி ஊர்ல நாள் பூரா வானம் பளிச்சுன்னு இருந்திருக்கும், அங்க கவுன்ட்டர்ல நிக்கிற பயணிக்கு மூடுபனின்னு சொன்னா நம்பவே மாட்டார். ஏர்லைன்களோட சர்வதேசச் சங்கமான அயாட்டாவோட தாமதக் குறியீடுகள்ல இதுக்குன்னே 93ன்னு ஒரு எண் இருக்கு, அதே விமானம் முந்தின பயணத்துல இருந்து லேட்டா வந்து சேர்ந்துச்சுன்னு அர்த்தம். புறப்படுற ஊர் வானிலைன்னா 71, போற ஊர் வானிலைன்னா 72. 71ம் 72ம் இடையூறு, 93 குலைவு.

இனி ஃபோர்காஸ்ட், ஏன்னா டிஸ்ரப்ஷனை முன்கூட்டிக் கணிக்கிற டிஸ்ரப்ஷன் ஃபோர்காஸ்ட்டுக்கும் ஒரு சொல் வேணும். அதுல இருக்கிற காஸ்ட்டுக்கு எறியறதுன்னு பொருள், பழைய நார்ஸ் மொழியில இருந்து வந்தது, கணக்குப் போடுறதுன்னும் இங்கிலீஷ்ல ஒரு வழக்கு உண்டு. ஃபோர்காஸ்ட்ன்னா ஆதியில முன்கூட்டியே யோசிச்சுத் திட்டம் போடுறதுதான். அதை வானிலைக்கு நிலைநிறுத்தினவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், டார்வின் போன பீகிள் கப்பலோட கேப்டன். அவர் கணிச்ச வானிலை 1861 ஆகஸ்ட் 1ல லண்டன் டைம்ஸ் பத்திரிகையில வந்துச்சு. இது ஜோசியம் இல்ல, அறிவியல் கணக்குல பிறந்த கருத்துன்னு காட்டத்தான் அவர் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார். தமிழ்ல நாம முன்னறிவிப்புங்கறோம், அதுல சொல்றதுதான் முன்னால நிக்குது, கணக்கு தெரியல. முன்கணிப்புன்னா ஃபிட்ஸ்ராய் நினைச்சது அப்படியே வந்துடுது. பொதுமக்களுக்குச் சொல்றது முன்னறிவிப்பாவே இருக்கட்டும், ஏர்லைன் மேஜைக்கு வர்றது முன்கணிப்பு.

விமான நிலையங்களுக்குன்னு வர்ற டாஃப் வானிலைக் கணிப்பு பெரும்பாலும் 24 இல்ல 30 மணி நேரத்துக்கானது. அதுல ப்ராப்30, ப்ராப்40ன்னு வரும், அதாவது 30 சதவீத வாய்ப்பு, 40 சதவீத வாய்ப்பு. ஆனா இதுவும் இடையூறு முன்கணிப்புதான். அதைக் குலைவா மாத்துறதுக்கு இன்னொரு கணக்கு வேணும், அந்த நிலையத்துல ஒரு மணி நேரத்துக்கு எத்தனை விமானம் இறங்க முடியும்ங்கறது.

அமெரிக்காவோட சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தை எடுத்துக்குங்க. அங்க ஒரு ஜோடி இணை ரன்வேக்களுக்கு நடுவுல இடைவெளி 750 அடிதான். ரெண்டு விமானம் பக்கத்துல பக்கத்துல இறங்கணும்னா பைலட்டுங்க கண்ணால பக்கத்து விமானத்தைப் பாத்தாகணும்ங்கறதுதான் ரொம்ப வருஷமா அங்க இருந்த வழக்கம். காலையில கடல்ல இருந்து தாழ்மேகம் வந்து உக்காந்துடுச்சுன்னா அது முடியாமப் போயி, மணிக்கு சுமார் 60 தரையிறக்கம்னு இருந்தது பாதியாக் குறைஞ்சுடும். இப்ப கணக்குப் போடுங்க, மணிக்கு 45 விமானம் வர்றதா அட்டவணை, இறங்க முடிஞ்சது 30, அப்ப மணிக்கு 15 தேங்குது, காலை 7ல இருந்து 10 வரைக்கும் மேகம் நின்னா 45 விமானம் பாக்கி. 10 மணிக்கு மேகம் கலைஞ்சு 60 திரும்பி வந்தாலும் புதுசா வர்ற 45 போக மணிக்கு 15தான் பாக்கியைக் கழிக்க முடியும், தீர மத்தியானம் 1 மணி ஆயிடும். இடையூறு மூணு மணி நேரம், குலைவு ஆறு மணி நேரம். வானிலைக் கணிப்பு 10 மணியோட முடிஞ்சுடுது, ஏர்லைனுக்குத் தேவையான கணிப்பு அங்கதான் பாதி வழியில நிக்குது.

நெஜத்துல அந்த 45 விமானமும் வானத்துல சுத்தாது, பெரும்பாலும் கெளம்புற ஊர்லயே தரையில நிறுத்தி வச்சுடுவாங்க. அதனால கணிப்பு முந்தின சாயங்காலமே கையில இருந்தா, எந்தப் பயணத்தை முன்கூட்டி ரத்து பண்றது, எந்த விமானத்துக்கு எரிபொருள் கூடப் போடுறது, ஸ்டேண்ட்பையா, அதாவது மாத்துக்குத் தயாரா இருக்கிற ஆளுங்களை எங்க வைக்கிறதுன்னு ஆற அமர முடிவு பண்ணலாம். காலையில 6 மணிக்கு வந்தா பயணிகள் கிளம்பி வந்தாச்சு.

தடங்கல், பாதிப்பு ரெண்டும் இங்க சரிப்படாது. தடங்கல் சட்டுன்னு நின்னு சட்டுன்னு சரியாகுற மாதிரி ஒலிக்குது, பாதிப்பு எதுக்கு வேணும்னாலும் பொருந்தும். இடர்ங்கறதைப் பேரிடர் மேலாண்மைக்குக் கொடுத்தாச்சு, அதை அங்கேயே விடலாம்.

அதனால நான் எழுதுறது இப்படி: மூடுபனி, புயல், ரன்வே மூடல், வேலைநிறுத்தம் எல்லாம் இடையூறு. அதுல அட்டவணை கலையறது இயக்கக் குலைவு. ஒரு விமானத்துல இருந்து அடுத்ததுக்கு ஒட்டிக்கிட்டுப் போறது தொடர்குலைவு. அந்தக் கலைவு எவ்வளவு, எப்ப வரைக்கும்னு முன்னாடியே கணக்குப் போடுறது குலைவுக் கணிப்பு. டிஸ்ரப்ஷன் ஃபோர்காஸ்ட்டுக்கு நேர்ச்சொல்லா இதை வச்சுக்கலாம், அதுலயும் வாய்ப்பு எத்தனை சதவீதம்னு கூடவே எழுதணும், "நாளை மதியம் 1 வரை இயக்கக் குலைவு, வாய்ப்பு 40 சதவீதம்"ங்கற மாதிரி.