வரி இல்லாத தசை, விடாத பிடி

பாடப்புத்தகத்தில் வரும் ‘வரியற்ற தசை’யில் எந்த வரி இல்லை, இல்லாததால் என்ன குறைந்துவிட்டது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கை கால் தசையை நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்கே வெளிச்சமும் கருமையுமாகப் பட்டைகள் தெரியும். அவைதான் வரி, அதனால் அது வரித்தசை. ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருப்பதால் வரும் தோற்றம் அது. இழைகள் ஒன்றையொன்று உரசி நகர்வதால்தான் தசை சுருங்குகிறது என்று 1954-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே சொன்னார்கள். இரண்டு குழுவிலும் ஹக்ஸ்லி என்ற பெயரில் ஒருவர் இருந்தார், ஆனால் இருவரும் உறவினர்கள் இல்லை.

குடல், ரத்தக்குழாய், கருப்பை, சிறுநீர்ப்பை இவற்றின் சுவரிலுள்ள வரியற்ற தசையிலும் ஆக்டின், மயோசின் உண்டு. ஆனால் இருமுனையும் கூம்பிய கதிர் வடிவ செல்லுக்குள் அவை குறுக்கும் சாய்வுமாகக் கிடக்கின்றன. அதனால் பட்டை இல்லை, அவ்வளவுதான். சுருங்கும் திறனுக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, எப்படிச் சுருங்குகிறது? கால்சியம் செல்லுக்குள் ஏறி கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்கிறது. அது ஒரு நொதியைத் தூண்ட, நொதி மயோசினில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. மயோசின் ஆக்டினைப் பிடித்து இழுக்கிறது. சுற்றுவழிதான், அதனால் நிதானமும் கூட.

எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருகிறது. மயோசின் பிடியில் இருக்கும்போதே பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? பிடி உடனே விடாது. தாழ்ப்பாள் போட்ட கதவைப் போல அப்படியே நிற்கும். மயோசின் ஒவ்வொரு முறை விட்டுப் பிடிக்கவும் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி மூலக்கூறு ஒன்று செலவாகும். விடாமல் பிடித்திருந்தால் செலவு மிச்சம்தானே! அதே இழுவிசையைத் தாங்க வரித்தசைக்கு ஆகும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் முந்நூறில் ஒரு பங்கு இதற்குப் போதும். ரத்தக்குழாய்கள் ஆயுள் முழுக்க ஓரளவு இறுகியே இருந்தும் களைப்பதில்லை என்றால் இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

புல்லரிக்கும்போது முடியை நிமிர்த்துவதும் வரியற்ற தசைதான். புல்லரித்தால் ஆவி வந்துவிட்டது என்பவர்கள் உண்டு. வந்தது, நம் விருப்பத்தைக் கேட்காமல் இயங்கும் பரிவு நரம்பின் செய்தி மட்டுமே.

அப்புறம், வரியற்றது என்றால் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது என்று மனப்பாடம் செய்வது எனக்குச் சம்மதமில்லை. இதயத்தசையில் வரி உண்டு, நம் சொல்லை அது கேட்பதில்லை. உணவுக்குழாயின் மேல்பகுதியில் இருப்பதும் வரித்தசையே. ஆனாலும் விழுங்கிய கவளத்தை அங்கே நிறுத்திவைக்க நம்மால் முடியாது.